பின்கொட்டகைத் தராசு

எங்கள் கடையின் பெயரை ஆறு பிள்ளைகள் சட்டை முதுகில் அச்சடித்துக்கொண்டார்கள். அதற்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், தங்கள் அணியின் பெயரைப் போட்டுக்கொண்டார்கள்: துரு.

தராசு விற்பதும் பழுதுபார்ப்பதும் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறைத் தொழில். துருப்பிடித்த தட்டு பொய் பேசும் என்று என் அப்பா சொல்வார். அந்தச் சொல்லுக்குக் கீழே எங்கள் பெயர். சட்டையைக் கொண்டுவந்து காட்டிய அன்றே முகம் சுளித்தேன்.

"வேற பேரே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று தம்பி மகளிடம் கேட்டேன்.

"நல்ல பேரையெல்லாம் மத்த ஸ்கூல்காரங்க எடுத்துட்டாங்க பெரியப்பா. சிங்கம், புயல், மின்னல்... மிச்சம் இதுதான்."

"மிச்சத்தை எடுத்துக்கற குடும்பமா நாம?"

அவள் சிரித்துவிட்டு ஓடிவிட்டாள். பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு முணுமுணு என்று பெயர். சின்ன வயதிலிருந்து அவள் பேசுவது அவளுக்கே கேட்காது. விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைப்பாள். அப்படிப்பட்டவள் பள்ளிகளுக்கிடையே நடக்கும் ரோபோ போட்டிக்கு அணித்தலைவி ஆனாள் என்றதும், அந்தப் பள்ளியின் தரம் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் இடம் இல்லையாம். கடையின் பின்கொட்டகையைத் தம்பி அவர்களுக்கு விட்டுக்கொடுத்தான். "விளம்பரம் அண்ணா, காசு கொடுத்தாலும் கிடைக்காது" என்றான். கடை நிர்வாகம் இப்போது அவன் கையில். நான் முன்பக்கத்தில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்கிறேன். புதுத் தராசுகள் முன்பக்கம் இருக்கின்றன. பின்கொட்டகையில் பழைய தராசுகளையும் உடைந்த இரும்பையும் எடைக்கு வாங்கி உருக்காலைக்கு அனுப்புகிறோம். அங்கே ஒரு பெரிய மேடைத் தராசு உண்டு.

பிள்ளைகள் வரத் தொடங்கிய பிறகு நான் பின்பக்கம் போவதை அறவே விட்டேன். ஒருமுறை எட்டிப் பார்த்தது போதும். தரை முழுக்க அலுமினியத் துருவல். பாதி குடித்த குளிர்பான பாட்டில்களில் எறும்பு. யாரோ கழற்றிப் போட்ட காலுறை ஒன்று மோட்டார் பெட்டிக்குள் கிடந்தது. ஈயம் பற்றவைக்கும் புகை. ஒரு நெடும் பையன், ஒட்டடை என்று கூப்பிடுகிறார்கள், வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டு பேசினான். இன்னொருவன் பேட்டரி. அவன் வேலை பேட்டரிகளுக்கு மின்னேற்றுவது; அதனால் அந்தப் பெயர். பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் டேய் என்றுதான் அழைத்தார்கள்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் மூன்று கேள்வி: என்ன தப்பு? ஏன்? அடுத்து என்ன? அதற்குக் கீழே அன்றன்றைய தப்புகளை அவரவரே தம் பெயரைப் போட்டு எழுதியிருந்தார்கள். 'சக்கரத்தைத் திருப்பி மாட்டினது நான் – ஒட்டடை.' எங்கள் வீட்டில் தப்பு நடந்தால் நான்கு சுவருக்குள் திருத்துவோம். இவர்கள் அந்தச் சுவரிலேயே எழுதி மாட்டுகிறார்கள். வெட்கம் என்பது இந்தத் தலைமுறைக்குத் தடுப்பூசி போட்டு நீக்கிய நோய் போலும்.

போட்டி நாளன்று தம்பியோடு நானும் போனேன். முதுகில் எங்கள் பெயர் போகிறது. துணைக்கு வீட்டுப் பெரியவன் போக வேண்டும்.

பெரிய உள்விளையாட்டு அரங்கம். கூரைக்கடியில் சத்தம் சுழன்றுகொண்டே இருந்தது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு மேசை. மேசையைச் சுற்றித் தரையில் மஞ்சள் நாடா ஒட்டிய கோடு. தகப்பன்மார் எல்லாம் பிள்ளைகளைவிடப் பரபரப்பாக இருந்தார்கள். ஒருவர் தன் மகன் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கி, "நான் பாத்துக்கறேன், நீ கேமராவைப் பாரு" என்றார். அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஆனால் அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வாடிக்கையாளர்கள். மளிகைக்காரர், நகைக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர். எல்லாரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

முதல் வேலை எடை பார்ப்பது. ரோபோவுக்கு எடை வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் களத்தில் இறங்க முடியாது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கவலையே இல்லை. முந்தின நாள் எங்கள் கொட்டகைத் தராசில் நிறுத்துப் பார்த்து, வரம்புக்குள் ஒரு கிலோ மிச்சமிருக்கிறது என்று குதித்திருக்கிறார்கள்.

மஞ்சள் மேலங்கி போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி அவர்கள் தராசில் வந்த எண்ணைப் பார்த்தாள். "ஓவர் வெயிட். ரெண்டு கிலோவுக்கு மேல அதிகம். குறைச்சுட்டு மத்தியானத்துக்குள்ள வாங்க, பாத்துக்கலாம்."

"சரிக்கா" என்றாள் முணுமுணு.

எனக்குச் சுரீரென்றது. "என்ன சரி? அம்மா, அது எங்க தராசுல நிறுத்தது."

"இருக்கலாம் சார். இங்க இந்த மெஷின்தான் கணக்கு."

"இந்த மெஷினை யார் சரிபார்த்தது?"

"பெரியப்பா, வேணாம். நாங்க ஏதாவது கழட்டிடறோம்."

"நீங்க கழட்டினா நம்ம தராசு தப்புன்னு ஆயிடும்."

"தப்பா இருந்தா தப்புதானே?"

எங்கள் குடும்பத்தில் பிறந்தவள் வாயிலிருந்து வந்த பேச்சு அது. வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் நான்கு திருகாணியைக் கழற்றிவிட்டு வேலையைப் பார்த்திருக்கும். நாங்கள் அப்படியில்லை. என் வண்டியில் எப்போதும் முத்திரை குத்திய ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று பட்டுத்துணிப் பெட்டியில் இருக்கும். நானே போய் எடுத்துவந்தேன். அதற்குள் ஒரு கூட்டம் கூடிவிட்டது. நகைக்கடைக்காரர் முன்வரிசைக்கு வந்துவிட்டார். கல்லை இரு கையாலும் தூக்கி அவர்களுடைய தராசின் மேல் வைத்தேன்.

ஐந்து. அதற்குப் பின்னால் மூன்று பூஜ்யம். ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.

"தாத்தா, வேற கல்லு இருக்கா?" என்று பின்னாலிருந்து ஏதோ ஒரு பையன் கேட்டான். கூட்டம் சிரித்தது. நகைக்கடைக்காரர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

கல்லைப் பெட்டியில் வைத்தபோது என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் தப்பு எங்கள் தராசில். கொட்டகைத் தராசைச் சரிபார்ப்பது தம்பி. திரும்பி அவனைத் தேடினேன். அவன் தூணோரம் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் திரையில் வெளிச்சமே இல்லை.

அரங்கத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் அவனைக் கூட்டிப்போனேன். டீசல் நாற்றம். அவன் மேலிருந்து வீசிய வாசனைத் திரவியம் அதோடு கலந்தது.

"லோட் செல் போச்சா?" என்றேன். தராசுக்குள் எடையை உணர்கிற பாகம் அது.

கைபேசியைச் சட்டைப் பையில் போட்டான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"அது வாங்கற தராசு அண்ணா" என்றான். "விக்கற தராசு இல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பழைய இரும்பு கொண்டுவருகிறவர்களுக்கு எடை குறைவாகக் காட்டும்படி முத்திரையை உடைத்து, உள்ளே எண்ணை மாற்றி வைத்திருக்கிறான். ஊரார் தராசையெல்லாம் திருத்துகிற கடையில் வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

"எல்லாரும் பண்றதுதான். நாம மட்டும் அரிச்சந்திரனா இருந்தா கடையை மூட வேண்டியதுதான். இந்தப் பசங்க போயும் போயும் அதுல தூக்கி வெப்பாங்கன்னு நான் கண்டேனா?"

"அவ்வளவுதானா உன் வருத்தம்?"

"அண்ணா, நடுவருங்க ஒவ்வொரு மேசையா வந்து கேள்வி கேப்பாங்க. ஏன் எடை கூடிச்சுன்னு கட்டாயம் கேப்பாங்க. இவ பாட்டுக்கு எங்க தராசு தப்புன்னு சொன்னா மானம் கப்பலேறிடும். லோட் செல் போயிடுச்சு, மழைத் தண்ணி பட்டுடுச்சுன்னு சொல்லச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா."

காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனால் அவன் சொன்ன கடைசி விஷயம் உண்மை. நான் சொன்னால் நம்புவாள். மூன்று தலைமுறைப் பெயர் அந்தப் பெண் வாயில் இருந்தது. நான் உள்ளே போனது அந்தப் பொய்யைச் சொல்லத்தான்.

மேசையருகே ரம்பச் சத்தம். ரம்பம் எங்களுடையது அல்ல. புயல் என்ற அணி, அதே களத்தில் இவர்களை எதிர்த்து ஆடப்போகிற அணி, ரம்பத்தையும் துளைக்கருவியையும் இரவல் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிட்டு அப்புறம் சண்டை போடுகிற விளையாட்டை நான் கண்டதில்லை.

"ரெண்டு கிலோ எதுல எடுக்கறது? தகட்டுல ஓட்டை போட்டா நாள் முழுக்கப் போடணும்" என்றான் பேட்டரி.

யாரும் ஒட்டடையைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க ஐந்து பேரும் பாடுபட்டார்கள். ரோபோவின் தூக்கும் கையைச் செய்தவன் அவன். பொருள்களை எடுத்து மேல்தட்டில் வைக்கிற கை அது. அதற்காகத் தேர்வு விடுமுறை முழுவதும் கொட்டகையிலேயே கிடந்தான்.

"என்ன முழிக்கறீங்க? என்னோடதுதான் கனம்" என்றான் அவன். "இதைக் கழட்டு. தள்ளிக்கிட்டே ஆடலாம்."

"ஸாரிடா" என்றாள் முணுமுணு.

"மூடிட்டு ஸ்பானரைக் குடு."

அவனே கழற்றினான். மூக்கை ஒருமுறை தோளில் துடைத்துக்கொண்டான், அவ்வளவுதான். என் தம்பிக்கு அந்தப் பையனைவிட முப்பது வயது அதிகம்.

நான் முணுமுணுவின் அருகே போய், "இங்க பாரும்மா, நம்ம தராசு..." என்று ஆரம்பித்தேன். அப்போது நடுவர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பெண்களும் ஓர் ஆணும்.

"பெரியவங்க எல்லாம் கொஞ்சம் கோட்டுக்கு வெளிய நிக்கறீங்களா? பசங்க மட்டும் பேசட்டும்" என்றார் அவர்களில் மூத்தவர். பாலம் கட்டும் பொறியாளராம்.

நான் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றேன். தம்பி எனக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"எடையில என்ன பிரச்சினை?" என்று பொறியாளர் கேட்டார்.

கதவுக்குப் பின்னால் உதட்டை அசைத்தவள் நேராக நின்று, அடுத்த மேசைக்கும் கேட்கும்படி பேசினாள். "வெளியில ஒரு தராசுல நிறுத்தோம் மேடம். அது குறைச்சுக் காட்டியிருக்கு. ஒரே தராசை நம்பினது எங்க தப்பு. ரெண்டாவது இடத்துல நிறுத்துப் பாத்திருக்கணும். இப்ப கையைக் கழட்டியிருக்கோம். அதனால ஆடற முறையும் மாறும். அதை இவன் சொல்வான்."

ஒட்டடை சொன்னான். கை போன ரோபோவை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று, ஏதோ பரிசு கிடைத்தவன் போலச் சொன்னான்.

"தராசு ஏன் குறைச்சுக் காட்டுச்சு?"

பேட்டரி முந்திக்கொண்டான். "முதல்ல லோட் செல் போச்சுன்னு நெனச்சோம் மேடம். ஆனா அது போயிருந்தா எண்ணு ஆடும். இது ஆடவே இல்ல. எத்தனை தடவை வெச்சாலும் ஒரே எண்ணுதான். அப்ப உள்ள செட்டிங்லதான் ஏதோ..."

என் நாக்கில் தயாராக இருந்த பொய்யை அந்தப் பையன், எனக்குத் தெரியாமலே, கொன்றுபோட்டான்.

"சரியாத் தெரியல" என்றாள் முணுமுணு. "ஆனா தெரிஞ்சவங்க இங்கயே இருக்காங்க. அது எங்க கடைத் தராசு." திரும்பினாள். முகத்தில் அத்தனை பெருமை. "பெரியப்பா, அது ஏன் அப்படிக் காட்டுச்சு?"

"சொல்லுங்க சார். நாங்களும் தெரிஞ்சுக்கறோம்" என்றார் பொறியாளர்.

தம்பி தொண்டையைக் கனைத்தான். இரண்டு மேசை தள்ளி நகைக்கடைக்காரர் நின்றிருந்தார். அவர் மகள் மின்னல் அணியாம்.

"தராசு கெடல" என்றேன். "நாங்க குறைச்சு வெச்சிருந்தோம். பழைய இரும்பு வாங்கறதுக்கு."

ரம்பம் நின்றது. நடுவர்களில் அந்த ஆள், என்ன நினைத்தாரோ, மெல்லக் கை தட்டினார். "ரொம்ப நேர்மையான பதில் சார். பசங்களுக்கு நல்ல பாடம்." பின்னால் இன்னும் இரண்டு பேர் தட்டினார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு அருவருப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை. திருடியதைச் சொன்னதற்குக் கைதட்டல்!

முணுமுணு தட்டவில்லை.

"நாங்கன்னா யாரு பெரியப்பா?"

"குடும்பம்மா."

"நான் வெக்கலையே. நீங்க வெச்சீங்களா?"

வீட்டுப் பழியை வீட்டுத் தலைவன் சுமப்பது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். அதில் அவளையும் சேர்த்துக் கட்டிவிட்டேன் என்பது அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது.

"எங்க டீம்ல அப்படிப் பொதுவா சொல்ல முடியாது" என்றாள். "யாரு செஞ்சாங்களோ அவங்கதான் சொல்லணும்."

என் பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது. "நான்தான்மா."

"எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா."

"எப்பலேருந்துப்பா?"

"மூணு வருஷமா."

அவள் தலையை ஆட்டினாள். நடுவர்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பொறியாளர் குனிந்து, "என்னம்மா?" என்றார். ஒட்டடை அவள் பக்கத்தில் ஓர் அடி நகர்ந்து நின்றான். பேட்டரியும் நகர்ந்தான். ஆறு பேரும் ஒரே சுவர்போல ஆனார்கள்.

"காரணம் தெரிஞ்சுடுச்சு" என்று மறுபடி சொன்னாள், இந்த முறை கேட்கும்படி. "அடுத்த கேள்வி கேளுங்க மேடம்."

அன்று அவர்கள் ஜெயிக்கவில்லை. கையில்லாத அந்த யந்திரம் பொருள்களை மூக்கால் முட்டி முட்டித் தள்ளியது. ஒருமுறை மூலையில் மாட்டிக்கொண்டு சும்மா உறுமியது. கடைசிக்கு முந்தின இடம். ஆனாலும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ரம்பம் கொடுத்தவர்கள் இவர்களைத் தோற்கடித்துவிட்டு வந்து தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். முணுமுணு கடைசிவரை பார்வையாளர் பக்கம் திரும்பவே இல்லை.

"நாளைக்குக் காலையில இரும்புக்காரங்க வருவாங்க" என்று தம்பியிடம் சொன்னேன். "நீயே அவங்ககிட்ட சொல்ற."

"நீங்க சொன்னா கேட்டுப்பாங்க அண்ணா. உங்க மரியாதைக்கு..."

"நான் பேச மாட்டேன். நிப்பேன்."

"அசிங்கமா இருக்கும்ணா."

"இருக்கும்" என்றேன்.

அன்று மாலையே கொட்டகைத் தராசைத் திறந்து, எண்ணைச் சரியாக்கி, புது முத்திரை வைத்தேன். மறுநாள் காலையில் தள்ளுவண்டிகள் வந்தன. முதல் வண்டி, பல வருடமாக எங்களுக்கு இரும்பு போடுகிற ஒரு பெண்ணுடையது. இரும்பக்கா என்றுதான் தெருவே அவளைக் கூப்பிடும். தம்பி முன்னால் போய் நின்றான். முணுமுணு பள்ளிச் சீருடையில், பையைத் தோளில் மாட்டியபடி, கதவை ஒட்டி நின்றாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தான்.

இரும்பக்கா இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"அட, இதைச் சொல்லவா இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு? எங்களுக்கு எப்பவோ தெரியும் முதலாளி."

"தெரியுமா?" என்றேன். பேசமாட்டேன் என்று சொன்னவன் பேசிவிட்டேன்.

"தெருவுக்கே தெரியுமே பெரியவரே! ஊர்ல இருக்கற தராசெல்லாம் சரியா இருக்கும், தராசுக்கடைத் தராசு மட்டும் குறையும்னு டீக்கடையில சொல்லிச் சிரிப்பாங்க. உங்களுக்கு வணக்கம் போடறவங்களும்தான்." சாக்கின் வாயை அவிழ்த்துக் காட்டினாள். துருப்பிடித்த தட்டுகளுக்கும் சங்கிலிகளுக்கும் நடுவில் ஒரு கருங்கல். "நீங்க குறைப்பீங்க, நாங்க ஏத்துவோம். கணக்கு நேர்."

மூன்று வருடமாக நான் கண்ணாடி அறையில் உட்கார்ந்து காத்த பெயர் அந்தச் சாக்குக்குள் கிடந்தது. "இனிமே கல்லு வேண்டாம்மா" என்றேன். "தராசு சரியா இருக்கு. நானே முத்திரை வெச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், கதவோரம் நின்ற பெண்ணையும் பார்த்தாள்.

"பாக்கலாம்" என்றாள். கல்லை எடுக்காமலே சாக்கைத் தூக்கித் தராசின் மேல் வைத்தாள்.